பறவைகளைக் காணக் காம்பியா வரை: ஒரு விடுமுறையும் சில கேள்விகளும்



காம்பியா என்னும் பெயர் நம்மில் பலருடைய காதில் முதன்முதலாக விழுந்தது 2019 நவம்பரில்தான். ரோஹிங்கியா முஸ்லிம்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளுக்காக மியான்மரைச் சர்வதேச நீதிமன்றத்தின் முன் நிறுத்தியது, செல்வமும் படைபலமும் மிக்க முஸ்லிம் நாடுகளில் ஒன்றன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் ஓரத்தில், ஓர் ஆற்றின் இரு கரைகளே தன் முழு நிலமாய் அமைந்த இந்தச் சின்னஞ்சிறு நாடுதான், இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஆதரவோடு அந்தப் பொறுப்பை ஏற்றது.

ஐரோப்பியர்களுக்கு அதே காம்பியா வேறொன்றுக்காகப் பெயர் பெற்றது. ஆண்டுதோறும் நவம்பர் முதல் மார்ச் வரை, கழுத்தில் தொலைநோக்கியோடு பறவை பார்ப்போர் அங்கே வந்து இறங்குகின்றனர். மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவுக்கு முஸ்லிம்களாக உள்ள ஒரு நாட்டுக்கு, அல்லாஹ்வின் படைப்புகளைக் காணவென்றே பிற சமயத்தாரும் சமய நம்பிக்கையற்றோரும் பணம் செலவழித்து வருகின்றனர். நம் குடும்பங்களோ விடுமுறை என்றதும் வணிக வளாகங்களையும் கேளிக்கைப் பூங்காக்களையும் நாடிச் செல்கின்றன.

வசதி படைத்த தமிழ் முஸ்லிம் குடும்பம் வெளிநாட்டு விடுமுறைக்குச் செலவிடத் தீர்மானித்துவிட்டால், காம்பியா போன்றதொரு நாட்டுக்குப் பறவை காணச் செல்வது மார்க்க நோக்கில் மிகவும் பொருத்தமான தேர்வுகளுள் ஒன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஆயினும் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றையும் மறைக்காமல் பேச வேண்டும்.

ஆறே நாடாக

காம்பியாவின் பரப்பு ஏறத்தாழ 11,000 சதுர கிலோமீட்டர். ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் மிகச் சிறிய நாடு அது. எங்கும் 50 கிலோமீட்டருக்கு மேல் அகலமில்லை. மேற்கே அட்லாண்டிக் கடல், மற்ற மூன்று புறமும் செனகல். கினியாவின் ஃபூட்டா ஜலோன் மேட்டுநிலத்தில் பிறக்கும் காம்பியா ஆறு இந்நாட்டின் நடுவே ஓடித் தலைநகர் பஞ்சுலின் அருகே கடலில் கலக்கிறது.

இத்தனை சிறிய நிலத்தில் 550க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன. காரணம் அந்த ஆறுதான். கடல்நீரின் உவர்ப்பு ஆற்றினுள் நெடுந்தூரம் ஏறிச் செல்வதால், கீழ்ப்பகுதியில் அலையாத்திக் காடுகளும் அவற்றினூடே புகுந்து செல்லும் சிற்றோடைகளும் நிறைந்துள்ளன. அவ்வோடைகளை அம்மக்கள் 'போலோங்' என்பர். உவர்ப்பு ஓயும் இடத்துக்கு அப்பால் நன்னீர். அதன் கரைகளில் நெல்வயல்களும் அடர்ந்த மரங்களும். அவற்றையடுத்து உலர்ந்த புல்வெளி. உவர்நீரையும் நன்னீரையும் அருகருகே ஓடவிட்டு இடையில் தடுப்பை ஏற்படுத்திய இறைவனின் வல்லமையைத் திருக்குர்ஆன் 25:53ஆம் வசனம் நினைவூட்டுகிறது. இங்கே படகில் ஒருநாள் சென்றால் அந்த மாற்றத்தைக் கரையோர மரங்களிலேயே படிக்கலாம்.

தென்கரையிலுள்ள தெண்டாபா என்னும் சிற்றூரிலிருந்து ஆற்றைக் கடந்தால் பாவோ போலோங் சதுப்புநிலம். 1996இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது அது. ஏறத்தாழ ஐந்தடி உயரம் நிற்கும் கோலியாத் நாரையை அங்கே காணலாம். இன்னும் கிழக்கே, பன்சாங்கில் மண் வெட்டியெடுக்கப்பட்ட குழியின் செங்குத்துச் சுவரில் செந்தொண்டைப் பஞ்சுருட்டான்கள் கூட்டம் கூட்டமாகப் பொந்து குடைந்து வாழ்கின்றன. அதற்கும் அப்பால், பஸ்ஸே நகரத்து ஆற்றங்கரையில், 'முதலைப் பறவை' என்று பெயர் பெற்ற எகிப்திய நீர்க்கரைப் பறவை உண்டு. அது தன் முட்டைகளை மணலுக்குள் புதைத்து வைக்கும். வெயில் ஏறும்போது ஆற்றில் வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தால் மணலைக் குளிர்விக்கும். அந்தச் சிறு உயிருக்கு இந்த அறிவைக் கொடுத்தவன் யார் என்று குழந்தை கேட்குமானால், அந்தப் பயணத்தின் பாதிப் பயன் கிடைத்துவிட்டது.

பார்ப்பது வீண் வேலையா?

"பறவையைப் பார்க்க இத்தனை செலவா? இது வீண்விரயம் அல்லவா?" என்று நம்மில் சிலர் கேட்பர். அது நியாயமான கேள்வியே. வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என இறைவன் கண்டிக்கிறான் (17:27). ஆனால் எது வீண் என்பதையும் மார்க்கத்திடமே கேட்க வேண்டும்.

தலைக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் பறப்பவற்றைப் பார்க்கவில்லையா என்று இறைவன் வினவுகிறான் (67:19). அவை ஒவ்வொன்றும் தத்தம் தொழுகையையும் துதியையும் அறிந்துள்ளன என்கிறான் (24:41). அவையும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்கிறான் (6:38). பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைப் பாருங்கள் என்று ஏவுகிறான் (29:20). நபி சுலைமான் (அலை) பறவைகளை அணிவகுத்துப் பார்வையிட்டபோது, அவற்றுள் ஒன்று வரவில்லை என்பதைக் கண்டுபிடித்தார்கள் (27:20). அது ஹுத்ஹுத். நம் கொண்டலாத்தி. பேரரசை ஆண்ட ஒரு நபி தம் பறவைகளை அடையாளம் அறிந்திருந்தார்கள். நம் பிள்ளைகளுக்கோ காகம், கிளி, புறா என்ற மூன்றுக்கு மேல் பெயர் சொல்லத் தெரிவதில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அபூஉமைர் என்னும் சிறுவரிடம், அவர் வளர்த்து இறந்துபோன சின்னஞ்சிறு குருவியைப் பற்றிப் பரிவோடு விசாரித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. உம்மத்தின் சுமை முழுவதையும் தாங்கியிருந்த நபியவர்களுக்கு ஒரு குழந்தையின் குருவிக்காக நேரம் இருந்தது. நமக்கு நேரமில்லை என்று சொல்வதற்குமுன் இதை ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே பார்ப்பது வீணன்று. சிந்தனையோடு பார்ப்பின் அது வணக்கத்தின் வாயில். வீண் எதுவெனில், கடன் வாங்கிச் செல்வதும், ஸகாத்தை நிறுத்தி வைத்துச் செல்வதும், ஹஜ் கடமையாகியிருந்தும் அதைத் தள்ளிப்போட்டு உல்லாசப் பயணம் போவதும், ஊருக்குப் படம் காட்டுவதற்காகப் போவதும் ஆகும். இவற்றில் ஒன்று இருந்தாலும், போகுமிடம் எதுவாயினும் அந்தப் பயணத்தில் பரக்கத் இராது.

ஃபஜ்ரோடு தொடங்கும் நாள்

நம் குடும்பங்களின் விடுமுறைகளில் முதலில் அடிபடுவது தொழுகை. இரவு நெடுநேரம் விழித்திருந்து, ஃபஜ்ரை உறக்கத்தில் இழந்து, பகல் முழுவதும் தொழ இடம் தேடி அலைவது பலருடைய அனுபவம்.

பறவை காணும் பயணத்தின் ஒழுங்கு இதற்கு நேர்மாறானது. பறவைகள் மிகுதியாக இயங்குவது விடியற்காலையில். பிறகு அஸர் முதல் மஃக்ரிப் வரை. நண்பகல் வெயிலில் அவையும் ஒதுங்கிவிடும். அது நமக்கு லுஹருக்கும் ஓய்வுக்கும் உரிய நேரம். இஷா தொழுததும் உறங்கினால்தான் மறுநாள் எழ முடியும். ஃபஜ்ர் தொழுத விரிப்பிலிருந்து எழுந்து நேரே ஆற்றங்கரைக்குச் செல்லும் குழந்தை, விடியலின் பரக்கத்தை ஏட்டில் படிப்பதைவிட ஆழமாக அறிந்துகொள்ளும்.

சிற்றூர்தோறும் பள்ளிவாசல் இருப்பதும், ஹலால் உணவு தேடி அலைய வேண்டாததும் கூடுதல் நன்மை. ஒரே பானையில் மீனும் காய்கறியும் சோறும் சேர்த்துச் சமைக்கும் 'பெனாச்சின்', நிலக்கடலைக் குழம்பில் இறைச்சியிட்ட 'தொமோதா' ஆகியன அவர்களுடைய அன்றாட உணவுகள். பெரிய தட்டில் வைத்துச் சுற்றியமர்ந்து உண்பர். நம் கடற்கரை ஊர்களின் சஹன் சாப்பாட்டை அறிந்தவர்களுக்கு அதில் அந்நியம் இராது.

இன்னொரு பாடமும் உண்டு. மாலிகீ மத்ஹபைச் சார்ந்த அம்மக்களில் பலர் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டபடி தொழுவர். கையை எங்கே கட்டுவது என்பதற்காகப் பள்ளிவாசல்களையே பிரித்துக்கொண்ட நம் சமுதாயத்துப் பிள்ளை ஒருமுறை அந்த ஸஃப்பில் நின்று தொழுதுவிட்டு வரட்டும். உம்மத் என்னும் சொல் எவ்வளவு விரிந்தது என்பது விளங்கும்.

பணம் யார் கையில் சேர்கிறது?

காம்பியாவின் சுற்றுலா 1960களின் நடுவில் சுவீடன் நாட்டுப் பயணிகளோடு தொடங்கியது. கடற்கரை விடுதிகள் பெருகின. அவற்றோடு மதுவும் ஒழுக்கக்கேடும் வந்தன. சிறார்களைச் சீரழிக்கும் பயணிகளைத் தண்டிக்க 2003இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டிய நிலை அந்நாட்டுக்கு ஏற்பட்டது. உணவு, பானம், தங்கல் அனைத்துக்கும் ஊரிலேயே மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு வரும் பயணி விடுதிச் சுவருக்கு வெளியே ஒரு காசும் செலவிடுவதில்லை என்பதைக் கண்ட அரசு, 1999இல் அத்தகைய மொத்தக் கட்டணத் திட்டங்களைத் தடை செய்தது. பயண நிறுவனங்களின் நெருக்கடியில் அத்தடை நெடுநாள் நிலைக்கவில்லை.

இந்நிலையில் பறவை காண வருபவர் ஒருவகையில் மாறுபட்டவர். அவரால் விடுதியின் நீச்சல் குளத்தருகே கிடக்க முடியாது. பறவையை அறிந்த உள்ளூர் வழிகாட்டி அவருக்குத் தேவை. படகோட்டி தேவை, வாகன ஓட்டி தேவை, ஆற்றின் மேற்பகுதியில் தங்க எளிய குடில் தேவை. கடற்கரையோரத்துக் கோட்டு பாலத்தருகே காத்து நிற்கும் வழிகாட்டிகளில், ஓசையைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்லும் இளைஞர்கள் உண்டு. அவர்கள் கற்ற கல்வி அது. அதற்குரிய கூலியைப் பேரம் பேசிக் குறைக்காமல் கொடுப்பது நம் கடமை.

இது சின்ன விஷயமன்று. வேலையற்ற காம்பிய இளைஞர்கள் பல்லாயிரவர் சஹாரா பாலைவனத்தையும் லிபியாவையும் கடந்து, மத்தியதரைக் கடலில் உயிரைப் பணயம் வைத்து ஐரோப்பாவுக்குச் செல்ல முயன்றுள்ளனர். 'பேக்வே' என்று அவர்கள் அழைக்கும் அந்தப் பாதையில் இறந்தோர் பலர். ஸ்காட்லாந்து ஏரிகளில் கூடு கட்டும் விராலடிப்பான் குளிர்காலத்தைக் கழிக்க செனகல், காம்பியா கரைகளுக்கு வருகிறது. பத்துக் கிராம் அளவே எடையுள்ள கதிர்க்குருவியும் சஹாராவைத் தாண்டி வருகிறது. பறவைக்கு எல்லையும் கடவுச்சீட்டும் இல்லை. அதைக் காட்டிப் பிழைக்கும் இளைஞனுக்கு உண்டு. அவன் தன் ஆற்றங்கரையிலேயே ஹலாலான முறையில் உழைத்து வாழ ஒரு வழி திறந்திருக்குமானால், அதில் நம் பணமும் சேர்வது நல்லதே.

அவ்வழியும் உறுதியானதன்று. 2014இல் அண்டை நாடுகளில் எபோலா பரவியபோது, காம்பியாவில் ஒருவருக்கும் அந்நோய் வரவில்லை. ஆயினும் பயணிகள் வரவில்லை. 2019இல் தாமஸ் குக் நிறுவனம் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு கொரோனா. ஒரே கண்டத்துப் பயணிகளை மட்டும் நம்பியிருக்கும் தொழிலின் கதி இது. வேறு திசைகளிலிருந்தும், குறிப்பாகச் சகோதர முஸ்லிம் சமுதாயங்களிலிருந்தும் விருந்தினர் செல்வது அவர்களுக்கு உதவியாக இருக்கும்.

எண்ணிக்கை என்னும் நோய்

பறவை பார்ப்போரிடையே ஒரு பழக்கம் உண்டு. கண்ட இனங்களைப் பட்டியலிட்டு, இரு வாரத்தில் 250, 300 என்று எண்ணிக்கையை உயர்த்துவதே இலக்காகிவிடுகிறது. பட்டியல் எழுதுவது தவறன்று. அது அறிவுக்கு உதவும். ஆனால் ஒரு பறவையைக் கண்டவுடன் குறித்துவிட்டு அடுத்ததற்கு ஓடுவோரை என்னென்பது? அதிகம் சேர்க்கும் போட்டி மனிதனைப் பராக்காக்கிவிடும் என்று 102ஆம் அத்தியாயம் எச்சரிக்கிறது. சேர்ப்பது செல்வமானால் என்ன, பறவைப் பெயரானால் என்ன?

இதைவிடக் கேடானது, ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது. தன் எல்லைக்குள் போட்டியாளன் புகுந்துவிட்டான் என்று எண்ணி அது பதறிக்கொண்டு வரும். நாம் படம் எடுத்துக்கொள்வோம். பகலில் உறங்கும் ஆந்தையை எழுப்புவதும், கூட்டின் அருகே கூட்டமாக நிற்பதும் இவ்வகையினதே. நபி (ஸல்) அவர்களுடன் பயணம் சென்ற தோழர்கள் ஒரு தாய்ப்பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட்டபோது, அது சிறகடித்துத் தவிப்பதைக் கண்ட நபியவர்கள் அவற்றைத் திருப்பித் தருமாறு கட்டளையிட்டார்கள் என்று அபூதாவூதில் காண்கிறோம். பயணத்தில் நடந்த நிகழ்ச்சி அது. பறவை காணப் பயணம் செய்யும் முஸ்லிமுக்கு இதைவிடத் தெளிவான நடைமுறை விதி வேண்டுவதில்லை. நம் பொருட்டு எந்தத் தாயும் தவிக்கலாகாது.

சிவந்த நீரும் வெட்டப்பட்ட காடும்

காம்பியாவை ஒரு சொர்க்கபூமியாக வருணிப்பது உண்மைக்கு மாறானது. 1968இலேயே அபூகோ காட்டைக் காப்பிடமாக்கிய நாடு அது. கால்நடை மருத்துவராயிருந்து நாட்டின் தலைவரான தாவ்தா ஜவாரா, வனவிலங்குகளைக் காக்க உறுதிகூறும் பஞ்சுல் பிரகடனத்தை 1977இல் வெளியிட்டார். அலையாத்திச் சிப்பிகளைச் சேகரிக்கும் ஏழைப் பெண்கள் சங்கம் அமைத்து, ஆண்டின் ஒரு பகுதியில் சேகரிப்பை நிறுத்தித் தாமே அந்த நீர்நிலையைப் பேணும் நற்செயலும் அங்கே நடக்கிறது.

அதே நாட்டில், 2017இல் குஞ்சூர் ஊரின் காயல் திடீரெனச் செந்நிறமானது. மீன்கள் செத்து மிதந்தன. அருகே இயங்கிய மீன்தூள் ஆலையின் கழிவே காரணம் என்று ஊரார் குற்றஞ்சாட்டினர். அவ்வாலைகள் அரைப்பது ஏழைகள் உண்ணும் மீனை. தூள் போவது வெளிநாட்டுப் பண்ணைகளுக்கு. பறவைக்கும் ஏழைக்கும் ஒரே தட்டிலிருந்து உணவு பறிபோகிறது.

நம்மை நேராகத் தொடும் செய்தி வேறு. கடற்கரையோரத்து பிஜிலோ வனப்பூங்கா குரங்குகளுக்கும் பறவைகளுக்கும் புகலிடமான சிறு காடு. அதன் ஒரு பகுதியை வெட்டி மாநாட்டு அரங்கம் எழுப்பப்பட்டது. 2024 மே மாதத்தில் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் உச்சி மாநாடு அங்கே கூடியது. உம்மத்தின் பிரச்சினைகளைப் பேசக் கூடுவது நல்லதே. எனினும், மரம் நட்டு அதிலிருந்து ஒரு பறவை உண்டாலும் அது தர்மம் என்று கற்பித்த நபியின் சமுதாயம், தன் தலைவர்கள் அமர்வதற்காக மரங்களை வெட்டும்போது யாரேனும் வருந்த வேண்டாமா? இக்குற்றம் காம்பியருக்கு மட்டும் உரியதன்று. நம் ஊர்களில் திருமண மண்டபத்துக்காகவும் பள்ளிவாசல் விரிவாக்கத்துக்காகவும் பழமரங்கள் விழும்போது நாமும் இதையே செய்கிறோம்.

புறப்படுவோர்க்கும் புறப்பட இயலாதோர்க்கும்

புறப்படுவோர் கவனிக்க வேண்டியவை சில. காம்பியா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. இந்தியாவுக்குத் திரும்புகையில் அத்தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பர். புறப்படப் பத்து நாள்களுக்கு முன்பேனும் ஊசி போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் அதற்கு வசதியுண்டு. மலேரியாவுக்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே ஆலோசனை பெற வேண்டும். ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். ஆற்றின் மேற்பகுதிக்குச் செல்லக் குறைந்தது ஐந்தாறு நாள்கள் ஒதுக்காவிட்டால், கடற்கரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப நேரும்.

புறப்பட இயலாதோரே நம்மில் மிகப் பலர். அவர்களுக்கு இதில் இழப்பு எதுவுமில்லை. காம்பியக் கரையில் காணும் கொண்டலாத்தி, கருப்பு வெள்ளை மீன்கொத்தி, விராலடிப்பான், நெடுங்கால் உள்ளான் ஆகிய நான்கும் நம் தமிழகத்திலும் உண்டு. அதிராம்பட்டினத்தாருக்கு முத்துப்பேட்டை அலையாத்திக் காடு அருகில். காயல்பட்டினத்தாருக்குத் தாமிரபரணியின் கழிமுகம் அருகில். நாகூராருக்குக் கோடிக்கரை எட்டும் தொலைவில். இந்தியாவின் பறவையியல் மேதை சாலிம் அலீ ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டு வியந்து, அதன் பெயரைக் கேட்கப் போனதில்தான் அவருடைய கல்வி தொடங்கியது. நம் வீட்டுப் பிள்ளை அப்படிக் கேட்டால், உடன் சென்று தேடிச் சொல்ல நாம் ஆயத்தமாக இருக்கிறோமா?

ஒன்றை மட்டும் உடனே செய்யலாம். நம் இல்லங்களில் பலவற்றில் கூண்டுக்குள் பச்சைக்கிளி இருக்கிறது. அபூஉமைரின் செய்தியிலிருந்து, நன்கு பராமரிப்பின் பறவை வளர்க்கலாம் என அறிஞர்கள் விளக்கியுள்ளனர் என்பது உண்மை. ஆனால் காட்டிலிருந்து பிடித்து வந்த நம் நாட்டுக் கிளியை விற்பதும் வளர்ப்பதும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதை வனத்துறையிடம் ஒப்படைத்துவிட்டு, அந்தக் கூண்டிருந்த இடத்தில் ஒரு சட்டி நீர் வையுங்கள். எத்தனை வகைப் பறவைகள் வருகின்றன என்று பிள்ளைகள் பார்த்துக் குறிக்கட்டும். அதைப் பொறுமையோடு செய்யும் குடும்பம் காம்பியா செல்லத் தகுதி பெற்ற குடும்பம். அதைச் செய்யாத குடும்பம் எங்கே சென்றாலும் காணப்போவது சிறிதே.

பசியோடு காலையில் கூட்டை விட்டுப் புறப்பட்டு, வயிறு நிறைந்து மாலையில் திரும்பும் பறவையின் தவக்குலை நமக்கும் நம் காம்பியச் சகோதரர்களுக்கும் அல்லாஹ் அருள்வானாக. அவனுடைய அத்தாட்சிகளைக் கண்டும் காணாதது போல் கடந்து செல்வோராக நம்மை ஆக்காதிருப்பானாக. ஆமீன்.